ஆள் கணக்கு

வங்கியில் வேளாண் கடன் பிரிவில் இருந்தபோது நேரில் பார்க்கப் போன இடங்களில் பாதி மறந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு, கறவை மாடு, டிராக்டர் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடையத்துக்கு மேற்கே, பொதிகை அடிவாரத்தில் பார்த்த ஒரு விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை, மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது.

கடையம் என்றால் பலருக்குப் பாரதி நினைவுக்கு வருவார். செல்லம்மாளின் ஊர், 1918 முதல் 1920 வரை அவர் இருந்த ஊர். நான் போனது கடன் மனுவோடு. பனையேறி ஒருவர் கருப்பட்டி காய்ச்சப் புது அண்டா வாங்கவும் மரங்களுக்குக் குத்தகைப் பாட்டம் கட்டவும் பணம் கேட்டிருந்தார்.

ஏப்ரல் மாதம், காலை ஒன்பது மணி. அண்ணாச்சி அதற்குள் நாற்பது மரம் ஏறி இறங்கியிருந்தார். சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும். காலில் மாட்டும் தளைநார், பாளை அரிவாள், இடுப்பில் பெட்டி என்று எல்லாவற்றையும் காட்டினார். பாளையைக் கடிப்பு என்ற மரக் கிடுக்கியால் நெரித்து, நுனியைத் தினமும் துளி சீவி விட்டால்தான் சொட்டு நிற்காமல் விழும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துபோகும் என்றார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

விடிலிக்குள் அவர் மனைவி, அக்கா, இருந்தார். ‘வாங்க சார், பயினி குடிக்கியளா?’ என்று பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றித் தந்தார். குளிர்ச்சி, இனிப்பு, கடைசியில் நாக்கில் லேசான சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்புதான் விஷயமே. சாறு பிடிக்கும் கலயத்தின் உள்பக்கம் அதைத் தடவாமல் பாளையில் கட்டினால், சில மணி நேரத்திலேயே காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாற்றைக் கள்ளாக்கிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆக, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு கை சுண்ணாம்பு குறைந்தால் குற்றம். கூடினால் கருப்பட்டி கறுத்துக் கார்க்கும். அளவு எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். அதை எப்படி விண்ணப்பத்தில் எழுதுவது?

அடுப்பில் காவோலை எரிந்துகொண்டிருந்தது. வடிகட்டிய பதநீர் பொங்கி நுரை மேலே வரும்போதெல்லாம் நசுக்கிய ஆமணக்கு முத்தைத் தூவினார், நுரை அடங்கியது. பதநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை என்று வைத்தாலும், பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் கருப்பட்டி. மற்றதெல்லாம் ஆவியாகிப் போகிற தண்ணீர். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும், சித்திரை வெயிலில். நான் ஏதோ கேட்கப் போனேன்.

‘கொஞ்சம் பொறுங்க சார், இப்பப் பேசினா பாகு முத்திப் போவும்.’

ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார். உருளவில்லை. இன்னும் சிறிது நேரம். மறுபடியும் பார்த்தார், உருண்டது. உடனே அண்டாவை இறக்கிக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார். அந்தச் சில நிமிடம் அவர் யாரையும் பார்க்கவில்லை. சந்தையில் வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டி பளபளவென்று கிடைக்கிறதே, இவர் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தச் சந்தைக் கருப்பட்டியைத் தொடுவதில்லை.

ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் இன்னொரு தொல்லை. மலைக்காற்றின் ஈரத்தில் கருப்பட்டி கசிந்து பிசுபிசுக்கும். அதனால் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் வைத்திருந்தார்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். ‘வேலை செய்வோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம். அண்ணாச்சி ‘ஒண்ணுன்னு போடுங்க’ என்றார். நானும் 1 என்றுதான் எழுதினேன், பின்னே அடித்து 2 ஆக்கினேன். கிளையில் மேலாளர் நிறுத்தினார்: ‘இன்னொருத்தர் யாரு? கூலி எவ்வளவு? அதைச் செலவில் காட்டலையே?’ மனைவி என்றேன். ‘அப்போ அது வீட்டு வேலை’ என்று திருத்தச் சொன்னார். ஏறத் தெரிந்தவர் இருந்தும் காய்ச்சத் தெரியாவிட்டால் அந்தச் சாறு சாயங்காலத்துக்குள் புளித்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் எண்ணைத் திருத்தவில்லை. அதற்குப் பதில் மனுவையே இருவர் பெயரிலும் கூட்டுக் கடனாக மாற்றி எழுதி, கையெழுத்துக்காக மறுபடியும் விடிலிக்குப் போனேன். அக்கா சிரட்டையிலிருந்து கருப்பட்டியைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘இம்புட்டு நாளும் என் பேரு எங்கயும் இல்ல. இப்பக் கடன்ல மட்டும் வந்துட்டுதா சார்?’

கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.