குடல் நகர்வது தள்ளுவதால் மட்டும் அல்ல

சாப்பிட்டதைக் குடல் எப்படி நகர்த்துகிறது என்று கேட்டால், பற்பசைக் குழாயைப் பிதுக்குவது போல என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாதி சரி. பின்னால் இறுகினால் உள்ளே இருப்பது முன்னால் போகும், உண்மைதான். ஆனால் முன்னால் இருக்கும் பகுதி அதே நேரத்தில் தளர்ந்து வழிவிட வேண்டும், அந்தத் தளர்வையும் நரம்புதான் நடத்துகிறது. பள்ளிப் புத்தகத்தில் பெரிஸ்டால்சிஸ் (குடல் அலையலையாகச் சுருங்கி உணவை நகர்த்துவது) என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அந்த வரியில் இந்தத் தளர்வு காணாமல் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நாயின் சிறுகுடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, குடலின் ஓரிடத்தைத் தூண்டினார்கள். தூண்டிய இடத்துக்கு மேல்பக்கம் (வாய் இருக்கும் திசை) சுருங்கியது, கீழ்ப்பக்கம் (ஆசனவாய் இருக்கும் திசை) தளர்ந்தது. மூளையோடு தொடர்பே இல்லாமல்! அதாவது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்ற கணக்கு குடல் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

சுவரில் இரண்டு அடுக்கு மென்தசை: உள்ளே வளையமாகச் சுற்றிப் போவது ஒன்று, வெளியே நீளவாக்கில் ஓடுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அவர்பாக் பின்னல் என்ற நரம்பு வலை. உட்சவ்வுக்குக் கீழே மைஸ்னர் பின்னல் என்று இன்னொன்று, அது சுரப்பு வேலைகளை அதிகம் கவனிக்கிறது, அதை இங்கே விட்டுவிடலாம். உணவு வந்து சுவரை விரிக்கும்போது உட்சவ்வில் உள்ள சில செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடும் (உடலில் உள்ள செரட்டோனினில் மிகப் பெரும்பங்கு இருப்பது குடலில்தான்). அதை உணர்நரம்பு பிடித்து இடைநரம்புகளுக்குச் சொல்ல, மேல்பக்கம் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து தசையைச் சுருக்கும், கீழ்ப்பக்கம் நைட்ரிக் ஆக்சைடு என்ற இன்னொன்று வந்து தளர்த்தும். உணவு கொஞ்சம் நகரும், அடுத்த இடம் விரியும், இதே சங்கிலி அங்கே மறுபடி ஓடும்.

இதில் தசை சும்மா உத்தரவுக்குக் காத்திருப்பதாக நினைக்க வேண்டாம். கஹால் செல்கள் என்று சில செல்கள் தசைகளோடு பின்னிக்கிடக்கின்றன, அவைதான் தாளம் போடுகின்றன: இரைப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மின் அலைகள், சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12, அதன் கடைசிப் பகுதியில் 8 அல்லது 9. அலை எழுந்ததுமே சுருக்கம் வந்துவிடாது. அசிட்டைல்கோலின் சேர்ந்து மின்னழுத்தத்தை ஒரு எல்லைக்கு மேல் உயர்த்தினால் கால்சியம் தசைச்செல்லுக்குள் பாயும், அப்போதுதான் இறுகும். அதாவது தசை எப்போதும் சுருங்கத் தயாராகவே இருக்கிறது, எந்த அலை சுருக்கமாக மாறலாம், எது கூடாது என்று நரம்பு முடிவு செய்கிறது. சோதனையில் குடல் நரம்புகளை எல்லாம் நச்சு கொடுத்து அடக்கினால் வளையத்தசை ஓய்ந்து கிடப்பதில்லை, இஷ்டத்துக்குச் சுருங்க ஆரம்பிக்கிறது. அடக்கி வைப்பது நரம்பின் முழுநேர வேலை!

இது கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் ஹிர்ஷ்பிரங் நோயைப் போல வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கருவில் குடலுக்கான நரம்புச் செல்கள் மேலிருந்து கீழாகப் பயணம் செய்து வந்து சேரும். சில குழந்தைகளில் அவை கடைசிவரை வந்து சேர்வதில்லை, அதனால் மலக்குடல் பகுதியில் நரம்பு முடிச்சுகளே இருக்காது. தளரச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தத் துண்டு இறுகியே கிடக்கும், மலம் அதைத் தாண்டாது, மேலே உள்ள பெருங்குடல் ஊதிப் பெருத்துவிடும். 1886-இல் டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்பிரங் இதை விவரித்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஊதிய பகுதிதான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்த குறுகிய துண்டில்தான் கோளாறு! அதை அகற்றி, நரம்புள்ள குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவை முறையை ஸ்வென்சன், பில் என்ற மருத்துவர்கள் 1948-இல் வெளியிட்டார்கள். பிறந்த குழந்தை முதல் 48 மணி நேரத்தில் மலம் கழிக்கவில்லை என்றால் மருத்துவர்கள் உஷாராவதற்கு இந்த நோயும் ஒரு காரணம், பெற்றோரும் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

உணவுக்குழாயின் அடியிலும் இதே கதை. அகலேசியா என்ற நோயில் தளர்த்தும் நரம்புகள் அழிந்துபோகின்றன, விழுங்கினாலும் கீழே உள்ள சுருக்குத்தசை திறப்பதில்லை, தண்ணீர்கூட மாட்டிக்கொள்ளும். பலூன் வைத்து விரிக்கிறார்கள் அல்லது தசையை வெட்டிவிடுகிறார்கள். போன நரம்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

சரி, மூளைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. விழுங்குவதைத் தொடங்குவதும் கடைசியில் கழிப்பறைக்குப் போகும்வரை அடக்கி வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. நடுவில் மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு இருக்கிறது, ஆனால் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை, உத்தரவு கொண்டுவருபவை குறைவு.

இதை எல்லாம் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயனும் உண்டு, குறிப்பாக வீட்டில் யாராவது மார்ஃபின் போன்ற வலிமருந்து எடுத்துக்கொண்டிருந்தால். அந்த மருந்துகள் குடல் நரம்புகளிலும் போய் உட்கார்ந்து சுருக்கும் செய்தி, தளர்த்தும் செய்தி இரண்டையும் குறைக்கின்றன, அதனால் குடல் அங்கங்கே இறுகுமே தவிர முன்னோக்கித் தள்ளாது. நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் இது தீராது. வலிமருந்து தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் மெத்தில்நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை மூளைக்குள் அவ்வளவாகப் போகாமல் வலிமருந்து குடலில் போட்ட பூட்டை மட்டும் விடுவிக்கும், வலி நிவாரணம் அப்படியே இருக்கும்.