அவலான் ஊர்க்காரர்

ராத்திரி முழுக்க அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் பாட்டுதான். கட்டைவிரல் கிதாரின் அடித்தந்திகளில் மாறி மாறித் தாளம் போட, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். ரெண்டு பேர் வாசிக்கிறார்களோ என்றே தோன்றும். குரலோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

1928இல் ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடினார். இசைத்தட்டுகள் சரியாகப் போகவில்லை, அப்புறம் பொருளாதார மந்தம் வேறு. மனுஷன் பேசாமல் மிசிசிப்பியில் அவலான் கிராமத்துக்கே போய் வயல்வேலை பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல்!

அவர் பாட்டில் ஊர்ப்பெயர் வரும். அதை வைத்தே 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் தேடிப்போய்ப் பிடித்துவிட்டார். அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா மேடை. 1966இல் கண்ணை மூடிவிட்டார். மூன்றே வருஷப் புகழ். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் 1928 பதிவுகளில் தொடங்குங்கள். கொஞ்சம் இரைச்சல் இருக்கும், பரவாயில்லை.