ராஜபுத்திரரும் நம்ம ஊர் 'ஆண்ட பரம்பரை' ஃப்ளெக்ஸும்

நாகர்கோவிலில் வடக்கே இருந்து வந்து கடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் நமக்கு சேட்டுதான். நான் வழக்கமாகப் போகும் ஹார்ட்வேர் கடைக்காரருக்கு மட்டும் அப்படிக் கூப்பிட்டால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "சேட்டுன்னா வியாபாரம் பண்ற பனியா சாதிண்ணே, நாங்க ராஜ்புத், சவுகான்" என்பார், அதுவும் நல்ல நாஞ்சில் நாட்டுத் தமிழில். சொந்த ஊர் ராஜஸ்தானில் ஜாலோர் பக்கம். அங்கே அவர்கள் வீட்டுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை பாட் சாதிக்காரர் ஒருவர் வருவாராம். கையில் சிவப்புத் துணி சுற்றிய நீளமான நோட்டு. திண்ணையில் உட்கார்ந்து பாட்டன் பூட்டன் பெயரையெல்லாம் வரிசையாக வாசிப்பார், புதிதாகப் பிறந்த பையன்கள் பெயரை எழுதிக்கொள்வார், பணமும் துணியும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பெண் குழந்தைகள் பெயர் ஏறுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஆணி எடை போடப் போய்விட்டார்.

ராஜபுத்திரர் என்றதும் நமக்கு மீசையும் வாளும்தான் ஞாபகம் வரும், எனக்கு என்னவோ அந்த நோட்டுதான் முக்கியமாகப் படுகிறது. ஏழாம் நூற்றாண்டுக்கு அப்புறம் மேற்கு இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் காட்டைத் திருத்தி, கோட்டை கட்டி, குதிரையும் ஆளும் சேர்த்துக்கொண்டு மேலே வந்தவர்கள் ஒரே ரத்தம் கிடையாது. ஆட்சி கைக்கு வந்த பிறகு பிராமணரும் சாரணர் என்ற பாடகர்களும் வம்சாவளி எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தருக்கு சூரிய வம்சம், இன்னொருத்தருக்கு சந்திர வம்சம், சவுகான், பரமார், சோலங்கி, பிரதிஹாரர் நாலு பேருக்கும் அபு மலையில் வசிஷ்டர் வளர்த்த யாக நெருப்பில் பிறந்ததாகக் கதை. சவுகான்களின் பழைய கல்வெட்டுகளில் இந்த நெருப்பே இல்லை. 36 குலம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், எந்த 36 என்று கேட்டால் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதெல்லாம் இறுகிப்போனது பெரும்பாலும் முகலாயர் காலத்தில்தான். செஞ்சியில் 1714இல் ஆற்காடு நவாப் படையோடு மோதிச் செத்த தேசிங்கு ராஜா புந்தேல ராஜபுத்திரர். தமிழ்நாடு அவரைக் கதைப்பாட்டாகவே பாடித் தீர்த்தது, ராஜஸ்தானத்துப் பெரிய குலங்களோ புந்தேலர்களை ஒரு படி கீழேதான் வைத்திருந்தன.

இதைப் படித்துவிட்டு வடக்கத்தியரைக் கேலி பண்ண நமக்கு வாய் கிடையாது. பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இரணியகர்ப்பத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிதாங்கூர் அரசர்கள் ஆள் இறங்குகிற அளவுக்குத் தங்கப் பாத்திரம் செய்து, பஞ்சகவ்யம் ஊற்றி, உள்ளே இறங்குவார்கள். மூடியை மூடி மந்திரம் சொல்லி முடித்து, வெளியே வருகிறபோது அவர் மறுபிறவி எடுத்த க்ஷத்திரியர். அப்புறம் அந்தத் தங்கத்தைப் பிராமணர்களுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். அங்கே யாக நெருப்பு, இங்கே தங்கப் பாத்திரம், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது தங்கத்துக்குப் பதில் ஃப்ளெக்ஸ். கோயில் கொடையோ கல்யாணமோ, ஜங்ஷனில் 'ஆண்ட பரம்பரை' என்று போர்டு வைக்காத சாதி இந்த மாவட்டத்தில் எது? எல்லோரும் ஆண்டிருந்தால் வரி கட்டினது யாருலே என்று எங்க சித்தப்பா கேட்பார்.

ஹல்திகாட்டிப் போர் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் நடந்த சண்டை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையும் இப்படித்தான், பாதி மட்டும் வருகிறது. 1576இல் மேவார் மன்னர் மகாராணா பிரதாப்புக்கு எதிரே அக்பரின் படையை நடத்திக்கொண்டு வந்தவர் ஆம்பேர் ராஜபுத்திரரான மான் சிங். பிரதாப் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் ஹக்கிம் கான் சூர் என்ற ஆப்கானியத் தளபதியும் உண்டு. அக்பர் பிறந்ததே சிந்து மாகாணத்து உமர்கோட்டில், நாடில்லாமல் ஓடிவந்த ஹுமாயூனுக்கு இடம் கொடுத்த சோடா ராஜபுத்திரரின் கோட்டையில். சோடாக்கள் இன்றைக்கும் இந்துக்களாகவே அங்கே, பாகிஸ்தானுக்குள் இருக்கிறார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் பட்டி, ஜன்ஜுவா என்று சொல்லிக்கொள்ளும் முஸ்லிம்களும் ராஜபுத்திர வம்சம்தான் என்கிறார்கள்.

நம்ம கன்னியாகுமரிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1892 டிசம்பரில் இங்கே வந்த விவேகானந்தருக்கு அடுத்த வருஷம் சிகாகோ போகப் பெரிய உதவி செய்தவர் கேத்ரி மன்னர் அஜித் சிங், சேகாவத் ராஜபுத்திரர். விவேகானந்தர் என்ற பெயரை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான் என்பார்கள், காலண்டரில் நாம் பார்க்கிற அந்தத் தலைப்பாகையும் அந்தப் பக்கத்து வழக்கம். சுவாமி ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய அம்மாவுக்கு மாதம் 100 ரூபாய் அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷன், சந்தேகமே இல்லை.

ஆனால் கேத்ரி இருக்கிற அதே ராஜஸ்தான் சேகாவதிப் பகுதியில், ஜாகீர்தார்கள் என்ற ராஜபுத்திர நிலப்பிரபுக்களின் நிலத்தில் உழுத ஜாட் விவசாயிகள் குத்தகை போக ஏகப்பட்ட சில்லறை வரிகளும் கட்டினார்கள், யானை குதிரை மேல் ஏறி ஊர்வலம் போனால் தகராறு. 1930களில் அங்கே நடந்த கிளர்ச்சிகளைப் படித்தபோது தோள்சீலைப் போராட்டம்தான் மனதில் ஓடியது. 1859இல் அரசாணை வரும் வரைக்கும் நம்ம ஊர்ப் பெண்கள் தோளை மூடுவதற்கு அடி வாங்கினார்கள். அங்கே 1952இல் ஜாகீர்களை ஒழிக்கச் சட்டம் வந்தது, நிலம் கொஞ்சம் கைமாறியது. மிதப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1987இல் தேவ்ராலாவில் 18 வயசுப் பெண் கணவன் சிதையில் எரிந்தாள், அதுவும் சேகாவதிதான். அதைக் குலப் பெருமை என்று வாளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். குதிரையில் வந்த தலித் மாப்பிள்ளையை அடித்து இறக்கினார்கள் என்று ராஜஸ்தானில் இருந்து இப்போதும் செய்தி வருகிறது. ஆனால் எல்லா ராஜபுத்திரரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. 1990 ஆகஸ்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீதம் என்று அறிவித்து, அதற்காக வடநாட்டு மேல்சாதியினரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அப்போதைய பிரதமர் வி.பி.சிங், மாண்டா ஜமீனுக்குத் தத்துப் போன ராஜபுத்திரர். கல்குளம் தாலுகா ஆபீசில் ஓபிசி சர்டிபிகேட்டுக்கு நிற்கிற பையனிடம் இதைச் சொன்னேன், "அவரும் ஆண்ட பரம்பரையாண்ணே?" என்று கேட்டான்.