மாமாவுக்காக மனித உரிமை ஆணையம் போன கதை

"மனித உரிமை ஆணையத்துல மனு போட்டா அந்த எஸ்.ஐ.க்கு வேலை போயிருமா?" மாமா வழக்கில் உத்தரவு வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். போகாது. ஆணையம் யாரையும் சஸ்பெண்ட் செய்யாது, இடமாற்றம் போடாது, கைது செய்யாது. பிறகு எதற்கு அங்கே போக வேண்டும் என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

என் தாய்மாமாவுக்கு அப்போது 68 வயது. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2022இல் ஒருநாள் காலை ஸ்டேஷனிலிருந்து போன். "சின்ன விசாரணை, வந்துட்டுப் போங்க." போனவரை இரவு வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். போனை வாங்கி அணைத்து வைத்துவிட்டார்கள். "கோர்ட்டுக்குப் போற அளவுக்கு ஆளாயிட்டியா?" என்று எஸ்.ஐ. இடது கன்னத்தில் அறைந்திருக்கிறார். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டார்கள்.

மறுநாள் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இந்த மாதிரி விஷயத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போவதைவிட ஜி.ஹெச். நல்லது, ஏ.ஆர். பதிவு, அதாவது விபத்து, தாக்குதல் காயங்களுக்கான பதிவு போடுவார்கள். டாக்டரிடம் மாமா எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுதியது: 'தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்.' இடம் காவல் நிலையம் என்பதை மட்டும் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன், சேர்த்தார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிப்பறையில் சிறு கிழிசல் என்று குறித்தார்கள். அந்த இரண்டு சீட்டுகள்தான் வழக்குக்கே அடித்தளம்.

விஷயம் ஊருக்குள் தெரிந்ததும் ஒருவர் வந்தார். காரின் முன்னால் 'மனித உரிமை' என்று பெரிய எழுத்தில் பலகை, சட்டைப்பையில் அடையாள அட்டை. ஐயாயிரம் கொடுத்தால் மனுவை "மேலிடத்தில்" தானே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். இவர்களுக்கும் அரசு ஆணையத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆணையம் 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்தது. தமிழ்நாட்டில் 1997இலிருந்து இயங்குகிறது. அலுவலகம் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. தலைவராக இருப்பவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ நீதிபதியாகவோ இருந்தவர். மனுவுக்குக் கட்டணம் இல்லை, கோர்ட் ஸ்டாம்பு இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பினாலே போதும்.

வக்கீல் கட்டாயம் இல்லைதான். ஆனாலும் மனுவை எப்படி எழுதுவது என்று மதுரையில் தெரிந்த ஒரு வக்கீல் அண்ணனிடம் கேட்டேன். அவர் செய்த உதவி பெரிது. நான் எழுதிக்கொண்டு போனது பதினோரு பக்கம். தாத்தா காலத்துப் பத்திரத்தில் தொடங்கி, பக்கத்து நிலத்துக்காரரின் மச்சான் எந்தக் கட்சி என்பது வரை இருந்தது. கோரிக்கை: எஸ்.ஐ.யை டிஸ்மிஸ் செய்ய வேண்டும், வரப்பை அளந்து கல் ஊன்ற வேண்டும்.

"தம்பி, நிலத் தகராறுன்னு முதல் பக்கத்துலயே வந்துச்சுன்னா சிவில் பிரச்சினைன்னு மூடி அனுப்பிருவாங்க. வரப்பு கோர்ட்ல இருக்கட்டும். இங்க நமக்கு வேண்டியது அந்த ஒரு நாள் மட்டும்" என்றார். இரண்டரைப் பக்கமாகச் சுருக்கினார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் கூப்பிட்டது, யார் அடித்தது, அவருடைய பதவி என்ன, எழுதி வாங்கிய தாள், யார் பார்த்தது, சிகிச்சைச் சீட்டு. கோரிக்கை மூன்றே: விசாரிக்க வேண்டும், இழப்பீடும் துறை நடவடிக்கையும் பரிந்துரைக்க வேண்டும், அன்றைய சிசிடிவி பதிவைக் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டினார். காவல் நிலையங்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், புகார் வந்தால் மனித உரிமை ஆணையம் அதை வரவழைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

மாமாவின் வயதையும் முதல் பத்தியிலேயே போடச் சொன்னார். அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆவது பிரிவின்படி, சாட்சி விசாரணைக்கே 65 வயதுக்கு மேற்பட்டவரை வீட்டைவிட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது. இப்போது புதிய சட்டத்தில் அது 179ஆவது பிரிவு, வயதும் 60 ஆகிவிட்டது. போன் போட்டு "வந்துட்டுப் போங்க" என்பதைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. எழுத்து மூலம்தான் அழைக்க வேண்டும்.

காலக்கெடு ஒன்று உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும், மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆவது பிரிவு. அதோடு, மாநில ஆணையம் மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் வரும் விஷயங்களைத்தான் விசாரிக்கும். ரயில்வே பாதுகாப்புப் படைமீது புகார் என்றால் டெல்லியில் இருக்கும் தேசிய ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

மனுவுக்கு எண் போட்டுக் கடிதம் வந்தது. மாவட்ட எஸ்.பி.யிடம் அறிக்கை கேட்டிருந்தார்கள். பாதிப் பேர் இங்கேதான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். போலீஸ்மீது புகார் கொடுத்தால் போலீஸிடமே அறிக்கை கேட்கிறார்களே என்று மாமாவும் கொதித்தார். அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது: முதலில் அரசிடமோ அதிகாரியிடமோ அறிக்கை, அது போதாது என்றால் மேல் விசாரணை. ஆணையத்துக்கென்றே ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின்கீழ் ஒரு புலனாய்வுப் பிரிவும் இருக்கிறது.

டி.எஸ்.பி. விசாரித்து அனுப்பிய அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது, பதில் சொல்லச் சொல்லி. 'மனுதாரர் அரை மணி நேரத்தில் அனுப்பிவைக்கப்பட்டார், எவரும் அவரைத் தாக்கவில்லை, காவல்துறைமீது வீண் பழி சுமத்துகிறார், கேமரா அன்று பழுது.' என் கருத்தில் மொத்த நடைமுறையிலும் முக்கியமான கட்டம் இந்த மறுமொழிதான். இதற்குப் பதில் அனுப்பாமல் விட்டால் அறிக்கையை ஏற்றுக்கொண்டு மனுவை முடித்துவிட வாய்ப்பு அதிகம். கோபமாகத் திட்டி எழுதினாலும் பயனில்லை. அறிக்கையோடு சேர்த்து அனுப்பிய இணைப்புகளை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

படித்ததில்தான் அது கிடைத்தது. பக்கத்து நிலத்துக்காரர் கொடுத்த புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) நகலை அவர்களே இணைத்திருந்தார்கள். தேதி, மாமாவை வைத்திருந்த நாளுக்கு மறுநாள். புகாரே பதிவாகாத நாளில் எதன்மேல் விசாரணை? கேமரா பழுது என்றால் அதைப் பழுது என்று மேலே தெரிவித்த கடிதம் எங்கே? அந்தப் பொறுப்பு நிலைய அதிகாரிக்கு இருக்கிறது என்று அதே தீர்ப்பு சொல்கிறதே. இந்த இரண்டையும், மாமா மகள் அன்று பகல் முழுக்க அவர் எண்ணுக்குக் கூப்பிட்ட அழைப்புப் பட்டியலையும் வைத்து ஒன்றரைப் பக்க மறுமொழி. அதன்பிறகுதான் எதிர்மனுதாரர்களுக்குச் சம்மன் போனது.

சம்மன் போனதும் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். "பாவம், சின்னப் பிள்ளைக்காரர், பிரமோஷன் நிக்குது, விட்டுருங்க." ஒருவர் ஒரு தொகையும் சொன்னார். அத்தைக்கு பயம். மாமாவுக்கு வேறு கவலை: "மாப்ள, நான் அங்க போயி சொல்றதையே வச்சு என்மேல கேஸ் போட்டுட்டா?" 15ஆவது பிரிவைப் படித்துக் காட்டினேன். ஆணையத்தின் கேள்விக்குப் பதிலாகவும் விசாரணைக்குச் சம்பந்தப்பட்டதாகவும் சொல்வதை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது, பொய்ச் சாட்சி என்றால் தவிர. அதற்கப்புறம்தான் தூங்கினார் என்று அத்தை சொன்னார்.

விசாரணைக்குச் சென்னை போகத் தேவைப்படவில்லை. ஆணையம் மாவட்டங்களில் முகாம் போட்டும் விசாரிக்கிறது. எங்களுக்கு மதுரை அரசு சுற்றுலா மாளிகை. வராந்தாவில் காத்திருந்தவர்களில் ஒரு அம்மாவின் மகன் சிறையில் இருந்தான். இன்னொருவர் வழக்கில் யாரும் மனுவே கொடுக்கவில்லையாம். பத்திரிகைச் செய்தியைப் பார்த்து ஆணையமே எடுத்துக்கொண்டதாம். சிறைக்கும் அரசு காப்பகங்களுக்கும் நேரே போய்ப் பார்க்கும் அதிகாரமும் உண்டு. 12ஆவது பிரிவில் இதெல்லாம் வரிசையாக இருக்கிறது: கோர்ட்டில் நடக்கும் வழக்கில் கோர்ட்டின் அனுமதியோடு தலையிடுவது, மனித உரிமைப் பாதுகாப்புக்கான சட்டங்களை ஆராய்ந்து ஆலோசனை சொல்வது என்று. ஊரில் யாருக்கும் இது தெரியாது. போலீஸ் அடித்தால் போகிற இடம் என்ற அளவில்தான் பேச்சு.

சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் சிலவற்றை 13ஆவது பிரிவு ஆணையத்துக்குத் தருகிறது. சம்மன் அனுப்பி வரவழைப்பது, சத்தியப் பிரமாணம் வாங்குவது, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்வது. அதனால் உள்ளே நடந்தது கோர்ட் மாதிரியேதான் இருந்தது. மாமா பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார், ஆவணங்களுக்கு எண் போட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"டாக்டர்கிட்ட போலீஸ் அடிச்சாங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேங்கய்யா."

"அப்புறம் ஏன் 'தெரிந்த நபர்'னு இருக்கு?"

"எழுதுனது நான் இல்லீங்களே. இவர எனக்குத் தெரியும், இந்த ஸ்டேஷன்ல ரெண்டு வருஷமா இருக்காரு. தெரிஞ்ச நபர்தான?"

வக்கீலே சிரித்துவிட்டார். எங்கள் வக்கீல் அண்ணன் எஸ்.ஐ.யிடம் நீளமாக எதுவும் கேட்கவில்லை. ரசீது மறுநாள் தேதியில் இருக்கிறதே என்றார். வாய்மொழிப் புகார் என்று பதில் வந்தது. அதை ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதிவைக்கும் பொது நாட்குறிப்பில் எழுதினீர்களா என்று கேட்டார். எஸ்.ஐ. தன் வக்கீலைப் பார்த்தார். விசாரித்த ஆணைய உறுப்பினர் அந்த நாட்குறிப்பைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டார். அடுத்த அமர்வுக்கு அது வந்தபோது மாமாவின் வருகை பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

நாங்கள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தலைமைக் காவலர்மீது சொன்னது நிரூபணமாகவில்லை என்று அவரை விட்டுவிட்டார்கள். எழுதி வாங்கியது அவர்தான் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார், அந்தத் தாள் எங்கள் கையில் இல்லையே. எஸ்.ஐ. மனித உரிமையை மீறியிருக்கிறார் என்று முடிவு. அரசு மாமாவுக்கு 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதை எஸ்.ஐ.யின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உள்துறைக்குப் பரிந்துரை.

'பரிந்துரை'தானே, அரசு தூக்கிப் போட்டுவிட்டால்? உத்தரவைப் படித்ததும் நானும் இதையே வக்கீல் அண்ணனிடம் கேட்டேன். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 18ஆவது பிரிவின்கீழ் ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், நிறைவேற்றியாக வேண்டும். ஏற்க மனமில்லாவிட்டால் நீதிமன்றத்தில்தான் எதிர்க்கலாம். இந்தத் தீர்ப்பின் நகலை உத்தரவோடு சேர்த்து உள்துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாங்கள் அனுப்பினோம், பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் நடவடிக்கை என்ன என்றும் கேட்டோம். சில மாதம் கழித்து அரசாணை வந்தது.

எஸ்.ஐ. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போட்டிருக்கிறார். மாமாவுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வரப்பு வழக்கில் அடுத்த வாய்தா வருகிற மாதம்.