அம்மாவின் முருங்கைக்கீரை

அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து, வால்வில் இரத்தம் உறையாமலிருக்க, தினமும் இரவு ஏழு மணிக்கு வார்ஃபரின் மாத்திரை. மாதம் ஒருமுறை சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துவந்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்வோம். எண் குறைந்தால் இரத்தம் எளிதில் உறைகிறது என்று பொருள். அம்மாவுக்கு அது 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். சென்ற ஐப்பசியில் 1.6 என்று வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாத்திரை ஒருநாளும் தவறவில்லையே!

வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்த்ததும் புரிந்தது. மழைக்குக் கொல்லை முருங்கை தழைத்துக் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று இரண்டு வாரமாகத் தினமும் பொரியல், சாம்பார், அடை.

வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் வார்ஃபரின் இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. கீரையில் இருப்பதோ அதே வைட்டமின் கே. திடீரென்று அதிகம் உண்டால் மருந்து தோற்கிறது. வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளலாம், பக்கவாதமே வரலாம்.

"இனிக் கீரையே வேண்டாம்" என்றார் அண்ணன். மருத்துவர் ஒப்பவில்லை. அடியோடு நிறுத்தினால் அளவு எதிர்ப்பக்கம் எகிறி இரத்தக்கசிவு வரக்கூடுமாம். எவ்வளவு உண்கிறோமோ, அதை வாரந்தோறும் மாறாமல் உண்ண வேண்டும் என்றார். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையாலும் இரத்தக்கசிவு வரலாம் என்று அதையும் கண்டிப்பாகத் தடுத்தார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஒரு கரண்டிக் கீரை. நாள்காட்டியில் அம்மாவே பச்சை மையால் குறித்துவைக்கிறார். மிச்சக் கீரை பக்கத்து வீட்டுக்குப் போகிறது.