1940 செப்டம்பருக்கு முன்னாடியா, பின்னாடியா?

கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு என்ன வயசு என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. "தாத்தாவோட அப்பா கட்டினது" என்பார்கள், அதற்கு மேல் நோண்ட மாட்டார்கள். பழசு என்கிற பட்டமெல்லாம் அங்கே கோயில்களுக்குத்தான். தாராசுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டு, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 1010. அந்தப் பக்கம் வளர்ந்தவளிடம் போய் "இது 1938ல கட்டின ரொம்பப் பழைய பில்டிங்" என்று சொன்னால் என்ன தோன்றும்? மும்பை மாட்டுங்காவில் அத்தை வீட்டில் தங்கப் போனபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மும்பையில் பழசு என்றால் அதற்குத் தேதி கேட்பார்கள்.

அத்தையின் கட்டிடம் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரம். தரைத்தளம், மேலே மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. வாசலில் மரத் தபால் பெட்டிகள். அதில் பாதிப் பெயர் நம்மவர்கள், பாதி குஜராத்திகள். மூலை வளைந்த பால்கனி, ஜன்னல்களுக்கு மேலே கட்டிடத்தையே சுற்றி வருகிற சன்ஷேட், உள்ளே பூப்போட்ட மொசைக் தரை. 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். நெரிசலைக் குறைக்க அவர்கள் போட்ட தாதர்-மாட்டுங்கா திட்டத்தால்தான் இந்தப் பக்கத்துத் தெருக்கள் இவ்வளவு அகலம், இவ்வளவு மரம். கட்டிடங்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பதுகளில் வந்தவை.

காலையில் காபி டம்ளரோடு பால்கனிக்குப் போனேன்.

"பாத்து நில்லுடி, தலையில காரை விழும். போன மழைக்கு தோசைக்கல் அளவுக்கு விழுந்தது" என்றாள் அத்தை.

அண்ணாந்து பார்த்தேன். காரை பெயர்ந்த இடத்தில் கம்பிகள் வெளியே தெரிந்தன. பெயராத இடத்திலும் கம்பி ஓடுகிற வழி அப்படியே பழுப்புக் கோடாகக் கசிந்திருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளிருந்தே முட்டித் தள்ளிக் கான்கிரீட்டை உடைத்துவிடும். எங்கள் ஊர்க் கருங்கல்லுக்கு இந்த வியாதி கிடையாது, உள்ளே கம்பியே இல்லையே. ஒற்றுமை ஒன்று உண்டு. கைப்பிடிச் சுவர் விரிசலில் ஒரு அரசங்கன்று. கோபுரத்தில் முளைப்பதேதான். பிடுங்கக் கை வராமல் எல்லோரும் அடுத்த வீட்டுக்காரர் பிடுங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

அத்திம்பேருக்குக் கட்டிடத்தின் அழகில் அக்கறையே இல்லை, தேதியில்தான். "1940 செப்டம்பர் ஒண்ணு. அதுக்கு முன்னாடின்னா ஏ கேட்டகரி. நாம ஏ" என்று ஏதோ ரேங்க் வாங்கினவர் போலச் சொன்னார்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் மும்பையின் பாதிக் கதை வருகிறது. 1947 வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதையே நியாய வாடகை என்று பிடித்து வைத்தது. வருஷம் ஓடியது, வாடகை நகரவில்லை. வாடகை வராத கட்டிடத்துக்கு எந்தச் சொந்தக்காரர் சுண்ணாம்பு அடிப்பார்? கட்டிடங்கள் இடிந்து விழ ஆரம்பித்தன. 1969ல் ரிப்பேருக்கென்று அரசே ஒரு வாரியம் அமைத்து, அதற்குச் செஸ் என்று ஒரு வரி வசூலித்தது. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை 19,642 கட்டிடங்கள் அந்தக் கணக்கில் வந்தன. 1940 செப்டம்பருக்கு முந்தியது ஏ, 1950 முடிய பி, 1969 செப்டம்பர் முடிய சி. இதில் ஏ மட்டுமே 16,502.

இந்த வீடுகளில் பல பக்டி. ஆரம்பத்தில் பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு பெயருக்கு வாடகை. கைமாற்றினால் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு போகும். 1999 வாடகைச் சட்டம்தான் இதை ஒளிவுமறைவில்லாத விஷயமாக்கியது. அத்தை வீட்டு மாத வாடகையைவிட, நாங்கள் குடும்பமாகப் போய்ச் சாப்பிட்ட ஒரு காலை டிபன் பில் ஜாஸ்தி.

ஒரு சாயங்காலம் தென் மும்பையில் ஓவல் மைதானம் போனேன். ஒரு பக்கத்துக் கட்டிடங்களில் அதே வளைந்த பால்கனி, அதே சன்ஷேட், கிட்டத்தட்ட அதே வயசு. எதிரே விக்டோரியன் கட்டிடங்கள். இரண்டையும் சேர்த்து 2018ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டது. ஜனம் நின்று போட்டோ எடுக்கிறது. மாட்டுங்கா அந்த எல்லைக்குள் வரவில்லை. அத்தை வீட்டு சன்ஷேட்டை இன்ஜினியர்கள்தான் போட்டோ எடுக்கிறார்கள், ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்கு.

முப்பது வருஷம் தாண்டினால் கட்டிடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம் என்பது இங்கே மாநகராட்சி விதி. முப்பது! எங்கள் தெருவில் முப்பது வருஷமான ஒரு வீட்டை இன்னும் "புது வீடு" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்த விதியைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. 2017ல் பேண்டி பஜாரில் நூறு வயசைத் தாண்டிய கட்டிடம் விழுந்து 33 பேர் போனார்கள், அதைப் பழசு என்று சொல்லிவிடலாம். 2013ல் டாக்யார்ட் ரோடில் விழுந்து 61 பேரைக் கொன்ற கட்டிடம் 1980ல் கட்டியது.

தாராவி மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரம். தோல் பை வாங்கலாம் என்று போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோல் பதனிடுகிற வேலைக்குத் தமிழர்கள் அங்கே வந்துவிட்டார்கள். அத்தையின் கட்டிடமெல்லாம் அதற்கு ரொம்பப் பிந்தி. வீடுகளைப் பற்றிக் கேட்டதும் மேஜைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். ரேஷன் கார்டு, லேமினேட் செய்த லைட் பில், வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம்.

"எங்க தாத்தா வந்ததுக்கு இங்க யாரும்மா கணக்கு கேக்காங்க? 2000 ஜனவரி ஒண்ணுக்கு முன்னாடி இருந்தீங்களா, அதுக்குப் பேப்பர் இருக்கான்னுதான் கேக்காங்க."

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுகிற திட்டத்துக்கான கணக்கு அது. பேப்பர் இருந்தால், தரைத்தளத்துக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் குடியிருப்பவர்களுக்கு அது கிடையாது. அவர் மகன் மாடியில் இருக்கிறான். லைட் பில்லில் மை மங்கிக்கொண்டே வருகிறது, ஜெராக்ஸ் மட்டும் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார். எங்கள் ஊர் அக்ரஹாரத்தில் யாராவது பூர்வீகம் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தால், இனிமேல் எனக்கு அந்தக் கவர்தான் ஞாபகம் வரும்.

அத்தை வீட்டுக்கு வருகிறேன். சொந்தக்காரர் பில்டரைக் கூட்டி வந்துவிட்டார், இடித்துவிட்டு டவர். பழைய வீடு, மொசைக் தரை என்று உருகுகிற ஆள்தான் நான். இருந்தாலும் என் ஓட்டு இடிப்பதற்குத்தான். முட்டி தேய்ந்த அத்தை மூன்றாவது மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி முருங்கைக்காய் வாங்குவது எனக்கு ரசமாக இருக்கிறது. அவளுக்கு அது ரசமில்லை, இறங்க முடியவில்லை. கோயிலுக்குப் போயே மாசக்கணக்காகிறது. பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் முதலில் அந்தப் படிகளைத் தினம் நாலு தடவை ஏறி இறங்கட்டும்.

நான் கிளம்பும்வரை முடிவாகவில்லை. முக்கால்வாசிக் குடித்தனக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. அத்தை எப்போதோ தயார். அத்திம்பேர்தான் பிடி கொடுக்கவில்லை. கட்டி முடிக்கிற வரைக்குமான வெளி வாடகையை மூன்று வருஷத்துக்கும் முன்கூட்டியே பேங்கில் போட வேண்டும் என்கிறார். பில்டர் ஒரு வருஷத்துக்கு மேல் பேசவே மாட்டேன் என்கிறான்.