தொழில்நுட்ப உயர்கல்விக்கு வந்த வெளிநாட்டு உதவி: ஒப்பீட்டுக் கல்வித் தாளுக்கு நான் படித்த முறை

முதுநிலைக் கல்வியியலில் ஒப்பீட்டுக் கல்வித் தாளை எடுத்தவர்களுக்கு, வளரும் நாடுகளின் தொழில்நுட்ப உயர்கல்வியில் பன்னாட்டு உதவியின் பங்கை மதிப்பிடுக என்ற வினா ஏதேனும் ஒரு வடிவில் வருவதுண்டு. நன்கொடை நாடு, தொகை, தொடங்கிய ஆண்டு என்று கையேடுகள் தரும் பட்டியலை மனப்பாடம் செய்தால் குறுவினாக்களுக்குச் சமாளிக்கலாம். கட்டுரை வினாவுக்கு அது உதவாது. எந்தத் திட்டத்தை எடுத்தாலும், உதவி நின்றபின் அங்கே என்ன தங்கியது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு படித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது.

அக்கேள்விக்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களை (ஐ.ஐ.டி.) போல வாய்ப்பான களம் எளிதில் அமையாது. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களை அமைப்பது பற்றி ஆராய்ந்த சர்க்கார் குழு 1946இல் அளித்த இடைக்கால அறிக்கையைத் தொடர்ந்து 1951இல் கரக்பூர் கழகம் எழுந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் மும்பைக்கு யுனெஸ்கோ வழியாகச் சோவியத் ஒன்றியமும், சென்னைக்கு மேற்கு ஜெர்மனியும், கான்பூருக்கு அமெரிக்காவும், டெல்லிக்குப் பிரிட்டனும் துணை நின்றன. நாடும் காலமும் சட்ட அமைப்பும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, உதவியாளர் மட்டும் மாறுவதால், ஒவ்வோர் உதவியின் இயல்பும் தனித்துத் தெரிகிறது. பனிப்போர்க் காலத்தில் இரு முகாம்களிடமிருந்தும் ஒரே நாடு உதவி பெற்றது என்பதையும் முன்னுரையில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். அரசியல் பின்னணிக்கு அதற்குமேல் இடம் ஒதுக்கத் தேவையில்லை.

நேரத்தைச் செலவிட வேண்டியது கான்பூரில். 1962 முதல் 1972 வரை எம்.ஐ.டி., பர்டியூ, பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஒன்பது அமெரிக்க நிறுவனங்கள் கூட்டாக அக்கழகத்துடன் பணியாற்றின. 1963இல் அங்கு வந்த ஐ.பி.எம். 1620 கணினியை எல்லாக் கையேடுகளும் குறிப்பிடுகின்றன. ஆனால், அந்த இயந்திரத்தைச் சுற்றிப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டு, வெளியிலிருந்து வந்தவர்களும் நிரல் எழுதக் கற்றார்கள் என்பதுதான் விடைக்கு வலுச் சேர்க்கும் செய்தி. சில ஆண்டுகளில் கணினி பழையதாகிப் போனது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், அடிப்படை அறிவியலுக்கு முதன்மை தந்த பாடத்திட்டமும், பருவமுறையும் தங்கிவிட்டன. இதன் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சாயலில் அமைந்த படிப்பு, அங்கேயே மேற்படிப்புக்குச் செல்லும் வழியை எளிதாக்கியதால், பட்டதாரிகள் பலர் கடல்கடந்தனர். உதவியின் பலனில் ஒரு பகுதி உதவிய நாட்டுக்கே திரும்பியது என்ற விமர்சனத்தைப் புறந்தள்ள முடியாது.

சென்னைக் கழகத்தைப் படிக்கும்போது பட்டறைகளையும் ஆய்வகங்களையும் கவனியுங்கள். ஜெர்மானியப் பொறியியல் மரபின் கைத்திறன் அழுத்தம் அங்கே தெரியும். கருவிகள் வந்ததோடு, ஜெர்மானியப் பேராசிரியர்கள் இங்கு வந்ததும் இந்திய ஆசிரியர்கள் ஜெர்மனி சென்று பயின்றதும் சேர்ந்தே நடந்தன. கருவி மட்டும் வந்து ஆள் வராத திட்டங்கள் வேறு வகை. கொடுத்த நாட்டிலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வரும் இயந்திரம், உதிரிப் பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். திட்ட அறிக்கைகளில் திறப்பு விழாப் படங்கள் தாராளமாக இருக்கும். பராமரிப்புச் செலவுக்கான பத்தியைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இந்தியாவுக்கு வெளியே இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம், 1960இல் கனடாவின் உதவியுடன் கட்டுபெத்தையில் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. பாங்காக்கில் 1959இல் சீட்டோ என்ற தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பின் பொறியியல் மேற்படிப்புப் பள்ளியாகத் தொடங்கி, 1967இல் தன்னாட்சி பெற்ற ஆசியத் தொழில்நுட்பக் கழகம், ஒரு நாட்டுக்கன்றி ஒரு வட்டாரத்துக்கே ஆள் உருவாக்கிய முயற்சி.

அண்மைக் காலத்துக்கு உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த 'டெக்விப்' என்ற தொழில்நுட்பக் கல்வித் தர மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடனையும் நன்கொடையையும் ஒன்றாக எழுதினால் மதிப்பெண் குறையும். 2017இல் தொடங்கிய அதன் மூன்றாம் கட்டத்தில், பின்தங்கிய மாநிலங்களின் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஆசிரியர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். 2021இல் திட்டக்காலம் முடிந்தபோது அவர்களுடைய பணியும் கேள்விக்குறியானது. கான்பூருக்கு நேர் எதிராக வைத்து ஒப்பிட இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டிலும் உதவி சென்றது ஆசிரியர்களுக்கே. நிலையான பணியிடம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

உதவித்தொகை பற்றிய துணைவினா வந்தால், கல்விக்கான ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 4இன் 'ஆ' (4.b) உட்பிரிவை நினைவில் வையுங்கள். வளரும் நாட்டு மாணவர்களுக்கான உதவித்தொகைகளை 2020க்குள் கணிசமாகப் பெருக்க வேண்டும் என்ற அவ்விலக்கில் பொறியியலும் தொழில்நுட்பமும் பெயர் சுட்டியே சொல்லப்பட்டுள்ளன. அதோடு, வளரும் நாட்டு மாணவர்களுக்காகத் தம் பல்கலைக்கழகங்களில் ஆகும் செலவையும் வளர்ச்சி உதவிக் கணக்கில் சேர்க்க நன்கொடை நாடுகளுக்கு விதி இடம் தருகிறது என்பதையும் எழுதுங்கள். உதவி என்று கணக்கில் ஏறும் அந்தப் பணம் நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை.